இணையத்திற் கிடைக்கும் சுகாதாரத் தகவல்களை மதிப்பிடல்

மாணவர்களே, வீட்டில் ஒருவருக்கு நோய் ஏற்பட்டால் இன்று பலர் முதலில் கைத்தொலைபேசியிலேயே தேடுகின்றனர். அங்கு கிடைப்பவை அனைத்தும் சரியானவை அல்ல. எனவே ஒரு தகவலை நம்புவதற்கு முன் பின்வரும் வினாக்களைக் கேளுங்கள்.

1. வெளியிட்டவர் யார்? அவருக்கு அத்துறையில் தகைமை உண்டா?
2. ஆதாரம் காட்டப்பட்டுள்ளதா?
3. எப்போது எழுதப்பட்டது?
4. ஏதேனும் பொருளை விற்பது நோக்கமா?
5. சுகாதார அமைச்சு, உலக சுகாதார நிறுவனம் போன்றவற்றின் தளங்களும் அதையே கூறுகின்றனவா?

உதாரணம்:
2020 டிசெம்பரில், கொவிட் நோயைத் தடுக்கும் எனக் கூறப்பட்ட ஒரு பாணியைப் பெறக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அப்போதைய சுகாதார அமைச்சரும் அதனைப் பகிரங்கமாக அருந்தினார். 2021 ஜனவரியில் அவருக்கும் கொவிட் தொற்று உறுதியானது. பிரபலமானவர் பயன்படுத்தினார் என்பது ஆதாரமாகாது என்பதை இதிலிருந்து அறியலாம்.

மாதிரி வினா:
களுபோவிலயில் வசிக்கும் மாணவி ஒருவரின் தம்பிக்கு மூன்று நாட்களாகக் காய்ச்சல். "இது டெங்கு. பப்பாசி இலைச்சாறு போதும். உடல்வலிக்கு இபுபுரூபன் கொடுங்கள். காய்ச்சல் விட்டால் சுகம்" என்ற செய்தியை மாமா அனுப்பியுள்ளார்.
(அ) இச்செய்தியின் குறைபாடுகள் மூன்றினைத் தருக.
(ஆ) மாணவி செய்யவேண்டியது யாது?

விடை:
(அ)
• எழுதியவர் பெயரோ ஆதாரமோ இல்லை. வைத்தியசாலைச் சிகிச்சைக்குப் பதிலாக இலைச்சாறு போதும் என்பது நிரூபிக்கப்படவில்லை.
• இபுபுரூபன், அஸ்பிரின் ஆகியன டெங்கு நோயில் குருதிப்பெருக்கு அபாயத்தைக் கூட்டும். வைத்தியர் கூறும் அளவில் பரசிற்றமோல் மட்டுமே கொடுக்கலாம்.
• காய்ச்சல் குறையும் காலமே ஆபத்தானது. அப்போதுதான் சிலருக்குக் குருதிக்கலன்களிலிருந்து திரவம் கசிந்து அதிர்ச்சி நிலை ஏற்படுகின்றது.

(ஆ) தாமதியாது வைத்தியரிடம் காட்டிக் குருதிப் பரிசோதனை செய்வித்தல். கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, குருதிக்கசிவு, சிறுநீர் குறைதல், சோர்வு என்பன தோன்றினால் உடனே களுபோவில கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை போன்ற வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல். வாகனம் இல்லையெனில் 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையை அழைத்தல்.

கவனிக்க: மாமா அன்பினாலேயே அனுப்பினார். எனினும் அனுப்பியவர் நல்லவர் என்பதால் தகவல் சரியானதாகிவிடாது. 2017 இல் இலங்கையில் 186,000 இற்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவாகினர். எனவே இவ்விடையைப் பரீட்சைக்காக மட்டுமன்றி, உங்கள் வீட்டிற்காகவும் நினைவில் வைத்திருங்கள். சரிபார்க்காத செய்தியை மற்றவருக்கு அனுப்பாதீர்கள்.