மனச்சோர்வு மாத்திரை: தொந்தரவு முதலில் வரும், பலன் பிறகு வரும்



குழுக் கூட்டம் முடிந்து கிளம்பும்போது சில சகோதரிகள் தனியாகக் கூப்பிட்டு மாத்திரை அட்டையைக் காட்டுவது உண்டு. "பெரியாஸ்பத்திரியில குடுத்தாங்க அக்கா. நாலு நாள் போட்டேன். வாயெல்லாம் காஞ்சு போச்சு, காலையில எந்திரிக்கவே முடியல. மனசு பாரம் மட்டும் அப்படியே இருக்கு. நிறுத்திட்டேன்" என்பார்கள். அட்டையில் அமிட்ரிப்டிலின் அல்லது இமிப்ரமின் என்று இருக்கும். இந்த இரண்டு மாத்திரைகளைப் பற்றித்தான் இந்த மாதப் பாடம்.

இவை என்ன மாத்திரைகள்?

இரண்டுமே பழைய மருந்துகள். 1950-களில் சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்ற டாக்டர் இமிப்ரமினை வேறொரு மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார். அந்த நோய்க்கு அது உதவவில்லை. ஆனால் மனச்சோர்வில் கிடந்தவர்கள் தெளிவதைக் கண்டு 1957-ல் அதை எழுதி வெளியிட்டார். அடுத்த சில வருடங்களில் அமிட்ரிப்டிலினும் வந்தது.

இன்று பல டாக்டர்கள் ஃப்ளுவாக்ஸெடின், எஸ்சிடலோபிராம் போன்ற புதிய மருந்துகளையே முதலில் கொடுக்கிறார்கள். ஆனாலும் பழைய மருந்துகள் போய்விடவில்லை. ஒற்றைத் தலைவலி, நரம்பு வலி, கால் எரிச்சல் இவற்றுக்கும் அமிட்ரிப்டிலினைக் குறைந்த அளவில் எழுதுகிறார்கள். அதனால் இந்த மாத்திரை போடுகிற எல்லோருக்கும் மனச்சோர்வு என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது.

ஏன் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார்கள்?

அமிட்ரிப்டிலின் 10, 25, 50, 75 மில்லிகிராம் அளவுகளில் கிடைக்கிறது. மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் இரவில் 25 மில்லிகிராமில் தொடங்குவார்கள். உடம்பு பழகப் பழக, சில நாட்களுக்கு ஒருமுறை கூட்டி, பலருக்கு 75 முதல் 150 மில்லிகிராம் வரை கொண்டுபோவார்கள். வயதானவர்களுக்கு இன்னும் குறைவாகத் தொடங்கி, குறைவான அளவிலேயே நிறுத்திக்கொள்வார்கள். டாக்டர் ஒவ்வொரு முறையும் சீட்டை ஏன் மாற்றுகிறார் என்று உங்களுக்குப் புரிவதற்காகத்தான் இந்தக் கணக்கைச் சொல்கிறோம். இதை வைத்து யாரும் தானாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

தூக்கம் ஓரிரு நாளில் வந்துவிடலாம். மனசு தெளிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். விதை போட்ட மறுநாள் தோண்டிப் பார்க்கிறவர்கள் நாம் இல்லை. மாத்திரைக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

வாய் காய்வது எதனால்?

மூளையில் ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் செய்தி சொல்லச் சில பொருட்கள் சுரக்கின்றன. மனதைத் தெளிவாக வைக்கும் பொருட்கள் சீக்கிரம் தீர்ந்துபோகாமல் இந்த மருந்து பார்த்துக்கொள்கிறது. ஆனால் அதோடு நிற்பதில்லை. எச்சில், குடல், சிறுநீர்ப்பை, கண் இவற்றுக்குப் போகும் செய்தியையும் கொஞ்சம் தடுக்கிறது. வாய் காய்வது, மலச்சிக்கல், ஒண்ணுக்குப் போகச் சிரமம், பார்வை மங்கல் எல்லாமே இந்த ஒரே காரணத்தால் வருபவை. பலருக்கு இவை சில வாரங்களில் குறையும்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை:

- வாய் காய்ந்தால் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள்.
- மலச்சிக்கலுக்குக் கீரை, காய், பழம் கூடுதலாகச் சாப்பிடுங்கள்.
- எழுந்ததும் தலை சுற்றினால், படுக்கையில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பிறகு எழுந்திருங்கள். வயதானவர்கள் விழுந்து இடுப்பு எலும்பு முறிவது இப்படித்தான்.
- காலையில் மந்தமாக இருந்தால், இரவு கொஞ்சம் முன்னதாகவே மாத்திரை போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மந்தம் தீரும்வரை வண்டி ஓட்டுவது, கிணற்று மேட்டில் நிற்பது, அறுவடை எந்திரத்தின் பக்கம் போவது வேண்டாம்.
- உடம்பு எடை கூடலாம். மாதம் ஒருமுறை எடை பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்?

ஒண்ணுக்கு அடியோடு நின்றுபோனால், நெஞ்சு படபடவென்று அடித்தால், மயங்கி விழுந்தால், வலிப்பு வந்தால், கண் வலித்துப் பார்வை மங்கினால், ஆள் குழம்பிப் பேசினால் காத்திருக்காதீர்கள். தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு ஓயாமல் பேசினாலும் உடனே காட்டவேண்டும். முதல் சில வாரங்களில், முக்கியமாக 25 வயதுக்குள் இருப்பவர்களுக்கு, சாகும் எண்ணம் கூடலாம். வீட்டார் அருகில் இருந்து கவனிக்கவேண்டும்.

இதய நோய், கண் அழுத்த நோய், வலிப்பு இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, பால் கொடுத்தாலோ, வேறு மாத்திரை போட்டாலோ முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இந்த மாத்திரையோடு சாராயம் கூடவே கூடாது.

நீங்கள் கேட்கும் கேள்விகள்

*ஒருநாள் இரவு மறந்துட்டா, மறுநாள் ரெண்டு போடலாமா?*
கூடாது. விட்டது விட்டதுதான். மறுநாள் இரவு வழக்கமான அளவு மட்டும் போடுங்கள்.

*நல்லாயிட்டேன், இனி நிறுத்தலாமா?*
மனசு தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். நடுவில் விட்டால் நோய் திரும்பலாம். சட்டென்று நிறுத்தினால் குமட்டல், தலைவலி, தூக்கமின்மை வரும். டாக்டர் சொல்கிறபடி சில வாரங்களில் படிப்படியாகக் குறைக்கவேண்டும்.

*எனக்கும் தூக்கமே வரல, அவங்க மாத்திரையில ஒண்ணு வாங்கிப் போடலாமா?*
வேண்டவே வேண்டாம். குழுவில் கடன் கொடுக்கலாம், வாங்கலாம். மாத்திரையை மட்டும் கைமாற்றாதீர்கள். ஒருவருக்கு உதவும் அளவு, இதயக் கோளாறு உள்ள இன்னொருவருக்கு ஆபத்தாகும்.

மாத்திரை டப்பா யார் கையில் இருக்கவேண்டும்?

இந்தப் பாடத்தில் மற்றதெல்லாம் மறந்தாலும் இது மறக்கக்கூடாது. பழைய மருந்துகளை அளவுக்கு மீறி விழுங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். சின்னக் குழந்தைக்கு ஒரு சில மாத்திரைகளே ஆபத்து. டாக்டர்கள் புதிய மருந்துகளுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். ஆகவே டப்பா பூட்டுக்குள், வீட்டில் நம்பிக்கையான ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். அவர் தினமும் அன்றைய மாத்திரையை மட்டும் எடுத்துக் கொடுக்கட்டும். மொத்தமாக வாங்காமல், சில நாட்களுக்கு மட்டும் கேட்டு வாங்கலாம்.

யாராவது அதிகமாக விழுங்கிவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆள் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். "போலீஸ் கேசாயிடும்" என்று பயந்து தாமதிக்காதீர்கள். உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர், அவரைத் தண்டிக்கக் கூடாது என்பதே 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் நிலை.

குழு என்ன செய்யலாம்?

மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கட்டணமில்லாத டெலி மானஸ் எண் 14416-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். முதல் தடவை போகிற சகோதரிக்கு ஒருவர் துணைக்குப் போங்கள். மூன்றாவது வாரம்வரை யாராவது ஒருவர் தினமும் எட்டிப்பார்த்து, "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். யார் மாத்திரை போடுகிறார் என்பதைத் தீர்மான நோட்டில் எழுதாதீர்கள், கூட்டத்தில் பேசாதீர்கள். கடன் முடிவெடுக்கும்போது அதைக் காரணமாகக் காட்டுவது அநியாயம்.

அடுத்த கூட்டத்தில் பேச:

1. நம் ஊரிலிருந்து மனநல டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ், எந்தக் கிழமை ஓ.பி.?
2. துணைக்குப் போக யார் யார் தயார்? பஸ் செலவுக்குக் குழு நிதியில் வழி உண்டா?
3. நம் ஒவ்வொருவர் வீட்டிலும் மாத்திரைகளும் பூச்சிமருந்தும் எங்கே இருக்கின்றன? இன்று வீட்டுக்குப் போனதும் எதைப் பூட்டி வைக்கப்போகிறோம்?