இடக்கைப் பக்கத்து மைனஸ்

அன்புள்ள தம்பிக்கு,

மேனுவல் கியரில் கைபழகிய நீ இப்போது ஆட்டோமேட்டிக் ஃபோர்வீல் வண்டிக்கு மாறியிருக்கிறாய். கிளட்ச் இல்லை, கியரைத் தேடும் வேலை இல்லை. ஆனால் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் காதுமடல் மாதிரி இரண்டு பட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, பேடில் என்பார்கள். வலப்பக்கம் பிளஸ், இடப்பக்கம் மைனஸ். ஃபார்ச்சூனர் மாதிரி வண்டி கைக்கு வந்த முதல் வாரத்தில் அதைத் தட்டிப் பார்க்காதவர் யாரும் இல்லை. பெரும்பாலும் பிளஸ்ஸைத்தான் தட்டுவார்கள், அதுவும் நேர்ச்சாலையில். பத்து நாளில் அலுத்துப்போய் லீவரை ‘டி’யில் போட்டுவிட்டு பேடிலை மறந்துவிடுவார்கள். மலையில் ஆளேற்றி இறக்கிப் பிழைக்கப்போகிற நீ அப்படி மறக்கக் கூடாது. அந்த இரண்டு பட்டைகளில் இடக்கைப் பக்கத்து மைனஸ்தான் உன் தொழிலுக்கு வேண்டியது, அதன் இடம் இறக்கம். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இது ஏன் பலருக்குப் புரிவதில்லை என்றால், பேடில் பிறந்த இடம் அப்படி. ஜான் பர்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640 பந்தயக் கார்தான் ஃபார்முலா ஒன்னுக்கு இதைக் கொண்டுவந்தது. 1989 மார்ச்சில் பிரேசில் கிராண்ட் பிரீயில் நைஜல் மேன்செல் அதை ஓட்டி, அதன் முதல் போட்டியிலேயே ஜெயித்தார். ஓட்டுபவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையெடுக்காமல் கியர் மாற்றலாம் என்பதுதான் அதன் பெருமை. 1997இல் ஃபெராரி 355 வழியாகச் சாலைக் கார்களுக்கு வந்தது, பிறகு குடும்ப வண்டிகளுக்கும் இறங்கியது. இறங்கும்போது பந்தயப் பளபளப்பையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. அதனால் இரண்டு டன்னைத் தாண்டிய டீசல் வண்டியிலும் அதை வேகத்தின் அடையாளமாகவே பார்க்கிறார்கள். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் தானியங்கி கியர்பெட்டி தானே சரியான கணத்தில் மேலே மாறிக்கொள்ளும். பிளஸ்ஸைத் தட்டி அதற்கு நீ பாடம் நடத்த ஒன்றுமில்லை. இன்னொரு சாட்சியைப் பார். 2019இல் இந்தியாவுக்கு வந்த ஹூண்டாய் கோனா மின்சாரக் காரில் மாற்றுவதற்குக் கியரே கிடையாது. ஆனாலும் பேடில் இருந்தது. இடப்பக்கத்தை இழுத்தால் மோட்டார் வண்டியைப் பின்னுக்குப் பிடிக்கும் பலம் கூடும், வலப்பக்கத்தை இழுத்தால் குறையும். கியரே போன பிறகும் பேடிலுக்கு ஒரு வேலை மிச்சமிருந்தது என்றால், அது வேகத்தைக் கட்டுப்படுத்தும் வேலைதான்.

கியர்பெட்டிக்கு என்ன தெரியும் என்று யோசித்துப் பார். உன் கால் ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்துகிறது, சக்கரம் எவ்வளவு வேகம் சுற்றுகிறது, இன்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் இருக்கிறது. கொஞ்சம் புத்திசாலிப் பெட்டியாக இருந்தால், வண்டி சரிவில் நிற்கிறது என்பதையும் ஊகித்துக்கொள்ளும். இவை எல்லாமே நடந்து முடிந்த சங்கதிகள். ஐம்பது அடி தள்ளி வளைவு இருப்பதும், அதில் அரசுப் பேருந்து மூக்கை நீட்டிக்கொண்டு ஏறி வருவதும் அதற்குத் தெரியாது. ‘இந்தக் காலத்துப் பெட்டி நம்மைவிடக் கெட்டிக்காரப் பெட்டி, நாம் ஏன் கைவைக்க வேண்டும்’ என்று உன் கூட்டாளிகள் கேட்பார்கள். 2013இல் ரோல்ஸ் ராய்ஸ் தன் ரெய்த் காரில் செய்ததை அவர்களுக்குச் சொல். செயற்கைக்கோள் வழிகாட்டியையும் வரைபடத்தையும் கியர்பெட்டியோடு இணைத்து, வரப்போகும் வளைவுக்கும் மேட்டுக்கும் ஏற்ற கியரை முன்கூட்டியே எடுக்க வைத்தார்கள். உலகத்தின் விலையுயர்ந்த கார்களில் ஒன்றைச் செய்கிறவர்களே, முன்னால் வருவது தெரியாதது பெட்டியின் குறை என்று ஒப்புக்கொண்ட மாதிரிதான் இது. உனக்கு அந்தச் செலவெல்லாம் தேவையில்லை. கண் இருக்கிறது, அது பார்த்ததைப் பெட்டிக்குச் சொல்ல இடக்கை விரல் இருக்கிறது.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? ‘டி’யில் இறங்குகிறாய். சரிவில் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்கிறாய். பல பெட்டிகள் அதை ‘இவருக்கு இழுவை வேண்டாம்’ என்று புரிந்துகொண்டு மேல் கியருக்குத் தாவும். பின்னுக்குப் பிடிப்பதற்கு ஆளில்லாமல் வண்டி ஓடும். நீ பிரேக்கை மிதிப்பாய், விட்டால் மறுபடி ஓடும், மறுபடி மிதிப்பாய். கொல்லிமலையில் சோளக்காட்டிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். கணக்குக்கு ஆயிரம் மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொள். ஆட்களும் மூட்டைமுடிச்சும் சேர்ந்து வண்டி 2,600 கிலோ. அந்த உயரத்திலிருந்து அந்த எடையை இறக்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 85 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. கல்யாண வீட்டுப் பெரிய அண்டா ஒன்றுக்கான சூடு. அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் தின்றுவிடும். மீதியை யாராவது வாங்கிக்கொண்டுதான் ஆகவேண்டும். எல்லாவற்றையும் நான்கு சக்கரத்து பிரேக்கின் தலையில் கட்டினால் பேட் பிடிப்பை இழக்கும், தீய்ந்த வாடை வரும். அதைவிட மோசம் பிரேக் ஆயில். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு அந்த அளவு வெறும் 140. டாட் 4இல் 230, ஈரம் கலந்தால் 155. ஆயில் கொதித்துக் குழாயில் ஆவி சேர்ந்தால், பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரையைத் தொடும். அது நடக்கும்வரை பெரிய எச்சரிக்கை எதுவும் வராது என்பதுதான் பயம்.

மைனஸை இழுத்து இறங்கினால் அந்தச் சூட்டில் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். இன்ஜினுக்கு ரேடியேட்டர் உண்டு, தண்ணீர் உண்டு, விசிறி உண்டு. மணிக்கணக்கில் சூட்டை வெளியே தள்ளுவதற்கென்றே அமைந்தது அது. கீழ் கியரில் இறங்கும்போது சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்றுகிறது. காற்றை இழுத்துத் தள்ளும் வேலையும் உள்ளுறுப்புகளின் உராய்வும் வண்டியைப் பின்னுக்குப் பிடிக்கின்றன. பெட்ரோல் இன்ஜினில் காற்று வரும் வழியை ஒரு தட்டு மூடி இன்னும் இறுக்கும். டீசலில் அந்த இறுக்கம் குறைவு. ஆகவே அதைச் சுழற்சியால் ஈடுகட்ட வேண்டும்: நாலாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் பிடிக்காத வண்டி, இரண்டாவதில் 3,000க்குப் பக்கத்தில் நன்றாகவே பிடிக்கும். இன்ஜின் கத்துவதைக் கேட்டு முதலாளி டீசல் போகிறதே என்று பதறலாம். ஆக்சிலரேட்டரில் கால் இல்லாமல் சக்கரம் இன்ஜினைச் சுழற்றும்போது, இன்றைய டீசல் வண்டிகளில் எரிபொருள் பீய்ச்சுவது நின்றுவிடுகிறது. அந்தச் சத்தத்துக்கு ஒரு சொட்டு டீசலும் செலவில்லை. டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் உருட்டுகிறவர்தான் இன்ஜினை ஓடவைக்க டீசலை எரித்துக்கொண்டே பிரேக்கையும் எரிக்கிறார்.

‘ஏறுகிற கியரில் இறங்கு’ என்பது லாரிக்காரர்களின் பழைய பாடம். ஆட்டோமேட்டிக்கில் ஏறுகிற கியர் எது என்று உனக்கு எப்படித் தெரியும்? போகும்போதே கண்டுபிடித்து வைத்துக்கொள். ஏற்றத்தில் பேடிலைத் தொட்டு, எந்த எண்ணில் வண்டி திணறாமலும் தாவாமலும் ஏறுகிறது என்று மீட்டரில் பார். இரண்டு என்றால் இறங்கும்போதும் இரண்டு, மூன்று என்றால் மூன்று. சந்தேகம் வந்தால் ஒன்று குறைவு. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே, வேகம் சேருவதற்கு முன்பே அதை எடுத்துவிடு. வேகம் ஏறிய பிறகு மைனஸை இழுத்தால், இன்ஜின் அளவுக்கு மீறிச் சுழலும் என்று கண்டு பெட்டி மறுத்துவிடும். மணி அடிக்கும், கியர் மாறாது. அந்த மறுப்பு உன் நன்மைக்குத்தான். கியர்பெட்டி தேய்ந்துபோகும் என்று பயப்படுகிறவர்களுக்கும் அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது: பெட்டி தனக்குக் கேடான மாற்றத்தைச் செய்யவே செய்யாது. முறையான மாற்றத்தில் தேய்மானம் இல்லாமல் இல்லை. ஆனால் ‘டி’யில் விட்டால் வளைவுக்கு வளைவு மேலே தாவிக் கீழே விழும் பெட்டி, இரண்டில் நிலையாக இருக்கும் பெட்டியைவிட அதிகம் மாறுகிறது.

‘வண்டியில்தான் இறக்கத்துக்கென்று ஒரு பட்டன் இருக்கிறதே’ என்பது அடுத்த வாதம். டவுன்ஹில் அசிஸ்ட் நல்ல ஏற்பாடு. சேறும் உருளைக்கல்லுமான செங்குத்துச் சரிவில், நடக்கிற வேகத்தில், எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ அதைத் தனியாகப் பிடிக்க உன்னால் முடியாது, அதால் முடியும். ஆனால் அது வேலைசெய்வது பிரேக்கை வைத்துத்தான். நூறு மீட்டர் சரிவுக்கு ஏற்றது, மணி நேர இறக்கத்துக்கு ஏற்றதல்ல. லீவரை ‘எஸ்’ஸில் தள்ளினால் போதாதா என்றால், பல சமயம் அதுவே பேடிலைவிட மேல் என்பேன். ‘டி’யில் இருந்தபடி பேடிலைத் தட்டினால் பல வண்டிகளில் அது தற்காலிக ஏற்பாடு, கொஞ்ச நேரத்தில் பெட்டி பழையபடி தன் இஷ்டத்துக்குப் போய்விடும், அதுவும் வளைவு நடுவில் போனால் எரிச்சலாக இருக்கும். நீண்ட இறக்கத்துக்கு லீவரை ‘எஸ்’ஸிலோ ‘எம்’மிலோ வைத்து, எண்ணைப் பேடிலால் மாற்று. சில வண்டிகளில் அங்கே தெரியும் 3 என்பது ‘மூன்றிலேயே இரு’ என்று பொருள். சிலவற்றில் ‘மூன்றுக்கு மேலே போகாதே’ என்று பொருள். கையேட்டில் அந்தப் பக்கத்தை மட்டுமாவது படி. இன்னொரு வாதம் நியாயமானது: இன்ஜின் பிடிக்கும்போது பிரேக் விளக்கு எரியாது, பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. பின்னால் வண்டி ஒட்டி வந்தால் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு ஒரு கணம் தொட்டு விடு.

ஃபோர்வீல் என்பதால் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. ஃபார்ச்சூனர் மாதிரி வண்டியில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் 2எச்சில் ஓடும்போது இன்ஜின் பிடிப்பது முழுக்கப் பின்சக்கரங்களை. மழையும் யூகலிப்டஸ் சருகும் கலந்த தாரில், இறக்கத்தில் எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் லேசாகியிருக்கும் நேரத்தில், இரண்டு கியரை ஒரே மூச்சில் இறக்கினால் பின்பக்கம் வழுக்கப் பார்க்கும். ஒவ்வொன்றாக இறக்கு, நடுவில் வண்டி அமரட்டும். நல்ல மழையென்றால் நான்கு சக்கரமும் இழுக்கும் 4எச் போடு. பிடிப்பு நான்கு சக்கரத்துக்கும் பங்காகும். காய்ந்த தாரில் மட்டும் வேண்டாம். இந்த வகை வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. கொண்டை ஊசியில் முன்சக்கரம் கடக்கும் தூரம் பின்சக்கரத்தைவிட அதிகம். ஈரத்தில் டயர் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும், காய்ந்த சாலையில் அது முறுக்காகி பற்சக்கரங்களில் ஏறும். எஸ்டேட் மண்பாதையில் வேகம் குறைந்து இழுவை கூடும் 4எல்லும் முதல் கியரும் போட்டால் பிரேக்கில் கால் வைக்கும் அவசியமே அநேகமாக வராது. மணலில் ஏறும்போது மட்டும் பேடிலுக்கு நேர்மாறான வேலை: பெட்டி முதல் கியருக்கு விழுந்து சக்கரம் குழிதோண்டாமல் இரண்டாவதிலேயே பிடித்து வைப்பது.

கைப்பழக்கம் பற்றி ஒன்று. மிட்சுபிஷி அவுட்லேண்டர் போன்ற சிலவற்றில் பேடில் ஸ்டீயரிங் தண்டில் அசையாமல் நிற்கும். பெரும்பாலான வண்டிகளில் வளையத்தோடு சேர்ந்து சுற்றும். கொண்டை ஊசியில் ஸ்டீயரிங்கை அரைச்சுற்று திருப்பியதும் மைனஸ் இருந்த இடத்தில் பிளஸ் வந்து நிற்கும். அந்த நேரத்தில் விரல் தேடினால் நீ கேட்டதற்கு நேரெதிரானது நடக்கும். இரண்டாவதில் பிடித்துக்கொண்டிருந்த வண்டி மூன்றாவதுக்குப் போய் வளைவுக்குள்ளேயே வேகம் எடுக்கும். ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே கியரை முடித்துவிடு, திருப்பும்போது விரலை மடக்கிக்கொள். இன்ஜின் பிடித்தும் வேகம் ஏறினால் பிரேக்கைத் தயங்காமல் மிதி, ஆனால் அழுத்தமாக, சுருக்கமாக. வேகம் இறங்கியதும் முழுதாக விட்டு டிஸ்க் ஆற இடம் கொடு. மெல்ல மிதித்தபடியே இறங்குவது மென்மையாகத் தோன்றும், சூட்டுக்கு அதுதான் வசதி.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவுகள்தான், கொல்லிமலையில் பாதி. ஆனாலும் அங்கே வெளியூர் வண்டிகளை ஏற விடுகிறார்கள், இறங்க விடுவதில்லை. வண்டி பழுதென்பதால் வந்த தடை இல்லை அது, இறங்கத் தெரியாததால் வந்தது. அங்கே உடனே போக அவசரப்படாதே. முதலில் கொல்லிமலையில், கூட்டமில்லாத காலைநேரத்தில், பயணிகள் இல்லாமல் ஒருமுறை இறங்கிப் பார். காரவள்ளியில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிப் புறங்கையை நீட்டு. தொடாதே, தண்ணீரும் ஊற்றாதே, சூட்டில் டிஸ்க் கோணிக்கொள்ளும். அனல் வந்து கையில் அடித்தால் அடுத்த தடவை சோளக்காட்டிலிருந்து கிளம்பும்போதே இன்னும் ஒரு மைனஸ்.

அன்புடன்,
உன் அண்ணன்