தொட்டி நீரும் பட்டு நூலும்

முசரவாக்கத்தில் பட்டு நெசவு செய்யும் அங்கத்தினர் ஒருவருடைய நூற்கணக்கைச் சென்ற திங்களில் நாம் சரிபார்த்தபோது, நூல் சேதம் என்று ஒரு சிட்டத்தின் எடை கழிக்கப்பட்டிருக்கக் கண்டோம். காரணம் வினவினோம். அவர் நம்மைக் கொல்லைப்புறத்துக்கு அழைத்துச் சென்று, செங்கல்லும் சிமெண்டும் கொண்டு கட்டிய ஒரு தொட்டியைக் காட்டினார். நாள் முழுவதும் தறிக்குழியில் அமர்ந்து உழைப்பவர்க்கு, மாலையில் குளிர்ந்த நீரில் கழுத்தளவு அமிழ்ந்திருத்தல் இதமளிக்கும் என்று மகன் சொல்லக் கட்டிய தொட்டி அது. பனிக்கட்டியும் வாங்கிப் போடுவதுண்டாம்.

பத்து நாட்களில் நீர் கலங்கிற்று, சுவர் வழவழத்தது, அவருடைய கையில் கொப்புளங்கள் கண்டன. ஆழ்துளைக் கிணற்று நீரே கெட்டது என்று கருதி, இரண்டு கைப்பிடி பிளீச்சிங் பவுடரை வாரி இறைத்துக் கோலால் கலக்கியிருக்கிறார். தெறித்த நீர், கொடியில் உலர்ந்துகொண்டிருந்த அரக்குச் சாயப் பட்டின்மீது விழுந்தது. திட்டுத் திட்டாகச் சாயம் வெளுத்ததோடு, அவ்விடங்களில் இழை தொட்டவுடன் அறுந்தது.

இதில் வியப்பில்லை. பருத்தி இழையும் பட்டு இழையும் ஒரே இனத்தவை அல்ல. பருத்தி தாவரப் பொருள். குளோரினை ஓரளவு தாங்கி வெளுக்கும். பட்டோ கம்பளியைப் போன்று புரதத்தால் ஆனது. செறிவான குளோரின் கரைசலில் அது கரைந்தே போகும். இழை பட்டா பருத்தியா என்று சோதிப்பவர்கள் இந்தக் குணத்தையே பயன்படுத்துவர். ஆதலால் நெசவாளர் இல்லத்தில் பிளீச்சிங் பவுடரைக் கையாள்பவர், கையைச் சோப்பிட்டுக் கழுவி உலர்த்திய பின்னரே பாவையோ ஊடையையோ தொடுதல் வேண்டும். தூள் வைக்கும் இடமும் நூல் வைக்கும் இடமும் ஒரே அறையாக இருத்தல் கூடாது.

இனி, நீர் கெட்டதன் காரணத்தை ஆராய்வோம். குளிர்ந்த நீரில் கிருமி வாழாது என்று பலர் எண்ணுகின்றனர். குளிர்ச்சி கிருமியின் பெருக்கத்தைத் தாமதப்படுத்துமேயன்றி அதனைக் கொல்லாது. குளோரினும் குளிர்ந்த நீரில் மெதுவாகவே வேலை செய்யும். தொட்டியில் இறங்கும் ஒவ்வொருவரும் வியர்வை, தோலின் எண்ணெய்ப் பசை, கால் புழுதி ஆகியவற்றை உடன் கொண்டு செல்கின்றனர். சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு நேரே தொட்டியில் இறங்குபவரைப் பற்றி என் சொல்வது! சீயக்காய் தேய்த்து வெளியே குளித்துவிட்டுப் பின்னர் இறங்குவதே முறை. கோயில் குளத்தில் கால் கழுவி இறங்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று.

பனிக்கட்டி இல்லாத நாளில் அபாயம் வேறு வகையது. சித்திரை வெயிலில் தொட்டி நீர் வெதுவெதுப்பாகிறது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா, மூக்கின் வழியே மூளையை அடைந்து உயிரைக் குடிக்கிறது. 2024-ஆம் ஆண்டில் கேரளத்தின் மலப்புறம், கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில் சிறுவர் சிறுமியர் இந்நோயால் மாண்டனர். நோய் மிக அரிதே; எனினும் கண்டவர் பிழைப்பதும் அரிது. 2025-இல் அம்மாநிலத்தில் கிணறுகளுக்கும் தொட்டிகளுக்கும் குளோரின் இடுவது ஓர் இயக்கமாகவே நடைபெற்றது. குளோரின் இடாத தொட்டியில் தலை மூழ்குவதற்குப் பிள்ளைகளை அனுமதித்தல் கூடாது.

பிளீச்சிங் பவுடரைக் கொண்டு நீரைச் சுத்திகரித்தல் பழைய முறையே. 1897-இல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டன் நகரில் டைபாய்டு காய்ச்சல் பரவியபோது, குடிநீர்க் குழாய்களை இதனைக் கொண்டே தூய்மை செய்தனர். அளவு அறிந்து இடுவதில்தான் எல்லாம் இருக்கிறது.

முசரவாக்கத்துத் தொட்டியையே கணக்கிடுவோம். நீளம் 5 அடி, அகலம் இரண்டரை அடி, நீரின் ஆழம் 2 அடி. ஆக 25 கன அடி. ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 28 லிட்டர் வீதம், 700 லிட்டர். குளிக்கும் நீரில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் தங்கியிருத்தல் வேண்டும். 2 மில்லிகிராம் என்று கொண்டால், மொத்தம் 1,400 மில்லிகிராம். தூளின் எடையில் கால் பங்கே பயன்தரும் குளோரின் என்று வைத்துக்கொண்டால், இடவேண்டிய தூள் 5.6 கிராம்! நம் அன்பர் இட்டது இரண்டு கைப்பிடி. இதனை எடைபோடப் பட்டு நிறுக்கும் தராசை எடுக்கவேண்டா. தனியே ஒன்று வைத்துக்கொள்க.

தூளைப் பிளாஸ்டிக் வாளி நீரில் கரைத்துச் சற்றே தெளியவிட்டு, அடியில் தங்கும் சுண்ணாம்பை நீக்கி, தெளிவை மட்டும் மாலையில் எல்லோரும் குளித்து முடித்தபின் தொட்டியில் ஊற்றுக. நீரிலுள்ள அழுக்கு குளோரினில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். ஆதலால் மறுநாள் இறங்குமுன் குளோரோஸ்கோப் கருவியால் அளந்து, குறைந்தால் சிறிது கூட்டுக, மிகுந்தால் காத்திருக்க. வெயிலும் குளோரினை அழிக்கும், மூடி அவசியம். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் மருந்து மிகுதி என்று பலர் எண்ணுவர். பெரும்பாலும் குளோரின் வியர்வையுடன் கூடியதால் எழும் நெடியே அது. கலங்கிய நீருக்கு மருந்தில்லை, திறந்துவிடுதலே வழி.

கழிவறை கழுவும் அமிலத்தை இத்தூளுடன் எக்காரணத்தாலும் சேர்க்கலாகாது. எழும் நச்சுப்புகை நுரையீரலைத் தாக்கும்.

காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்தில் உறையும் அத்திவரதர் 1979-க்குப் பின் 2019-இல்தான் வெளிவந்தார். 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதற்காகக் குளத்து நீரை இறைக்கிறார்கள். வீட்டுத் தொட்டிக்கு அத்தனை பொறுமை கிடையாது. வடிகட்டும் பம்பு இல்லாத தொட்டியை வாரம் ஒருமுறை காலி செய்து, சுவரைத் தென்னை நாரால் தேய்த்தல் வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தெளிந்த நீரை ஒட்டிய சுவரிலேயே முட்டையிடுகிறது. அம்முட்டைகள் உலர்ந்த பின்னும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். நீரை மாற்றிச் சுவரைத் தேய்க்காமல் விடுபவர் பாதி வேலையே செய்தவராவர்.

வாரம் 700 லிட்டர் என்றால் ஆண்டில் 36,400 லிட்டர். அத்தனை நீரையும் சாக்கடைக்கு விட அந்த அங்கத்தினருடைய மனைவியாருக்கு மனம் வரவில்லை; கொல்லையில் இரண்டு தென்னையும் சில வாழையும் இருக்கின்றன. மூடியைத் திறந்து இரண்டு நாள் வெயிலில் விட்டு, குளோரின் அற்றதைக் கருவியால் கண்டபின் பாய்ச்சலாம் என்று சொல்லி வந்தோம். நூல் உலர்த்தும் கொடியை அவர் அன்றே தெருத் திண்ணைப் பக்கம் மாற்றிக் கட்டிவிட்டார்.