பாடநூலில் இல்லாத ஆங்கிலம்

ஆங்கிலப் பாடத்தில் நாங்கள் வாங்கும் மதிப்பெண்களைக் குறித்து எங்களுக்கே சற்றுப் பெருமை உண்டு. அந்தப் பெருமைக்குச் சென்ற கோடை விடுமுறையில் ஓர் அடி விழுந்தது. இங்கிலாந்தில் செவிலியராகப் பணிபுரியும் நம் பள்ளிப் பழைய மாணவி ஒருவர் ஊருக்கு வந்திருந்தார். "கட்டிலில் படுத்திருக்கும் ஒரு மூதாட்டி உங்களைக் கூப்பிட்டு, 'ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி' என்றால் என்ன செய்வீர்கள்?" என்று எங்களைக் கேட்டார்.

"ஏதோ வாங்க ஆசைப்படுகிறார்" என்றோம்.

அக்கா சிரிக்கவில்லை. "நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது கடை மூடியிருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். பாவம், படுக்கை நனைந்துவிட்டது. எண்பது வயது அம்மாள் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்" என்றார்.

அந்நாட்டில் முன்பு பொதுக் கழிப்பறைக் கதவில் ஒரு பென்னி நாணயம் போட்டால்தான் பூட்டுத் திறக்கும். ஆகவே பென்னி செலவழிப்பது என்றால் சிறுநீர் கழிப்பது. இதைக் கேட்டு நாம் வியக்க வேண்டியதில்லை. வகுப்பில் எழுந்து நின்று "டீச்சர், ஒன்றுக்கு" என்கிறோமே, அயல்நாட்டார் ஒருவர் 'ஒன்று' என்ற சொல்லை அகராதியில் தேடினால் அவருக்கு என்ன கிடைக்கும்?

அக்கா எங்களுக்கு எழுதிக் கொடுத்தவற்றுள் சில: 'பூர்லி' என்பதை வினையுரிச்சொல் என்று படித்திருக்கிறோம். அங்கே "ஐ ஃபீல் பூர்லி" என்றால் உடம்பு சரியில்லை என்று பொருள். "வாட்டர்வர்க்ஸில் கோளாறு" என்று ஒரு தாத்தா சொன்னால் அது குடிநீர்க் குழாயைப் பற்றியதன்று; சிறுநீர் உறுப்புகளைப் பற்றியது. "ஐ ஆம் டையிங் ஃபார் எ கப்பா" என்று கேட்டதும் மருத்துவரை அழைக்க ஓட வேண்டா. அவருக்கு வேண்டியது ஒரு கோப்பைத் தேநீர். 'நாக்கர்ட்' என்றால் களைத்துப் போனேன் என்பது. உழைத்து ஓய்ந்த குதிரைகளை வாங்கி அறுப்பவனுக்கு 'நாக்கர்' என்று பெயர், அதிலிருந்து வந்தது. கேட்டால் புரிந்துகொள்ளலாம், ஆனால் பெரியவர்கள் முன் சொல்லத்தக்கதன்று.

'டூலாலி' என்ற சொல்லுக்குப் புத்தி பேதலித்தவர் என்று பொருள். இது நம் நாட்டுச் சரக்கு! மகாராஷ்டிரத்தில் நாசிக் அருகேயுள்ள தேவளாலியில் பிரிட்டிஷாரின் படைமுகாம் இருந்தது. தாயகம் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த சிப்பாய்கள் வெயிலிலும் சலிப்பிலும் நிலைதடுமாறியதால் அவ்வூரின் பெயரே வசையாகிவிட்டது.

இளைஞர் பேச்சு வேறு வகை. 'சிக்' என்றால் நோய் என்று எண்ணியிருக்கிறோம். அவர்களுக்கோ பிரமாதம் என்று பொருள். 'நோ கேப்' என்றால் பொய்யில்லை என்பதாம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சிலிருந்து பரவியது. 'ரிஸ்' என்பது பிறர் மனத்தை, பெரும்பாலும் காதலில், கவரும் திறன். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் 2023ஆம் ஆண்டின் சொல்லாக இதையே தேர்ந்தது. 'கரிஸ்மா' என்பதன் நடுத்துண்டு இது. சிஸ்டர்கள் மன்னிக்க வேண்டும், புனித பவுல் தம் திருமுகங்களில் அருள்கொடை என்னும் பொருளில் எழுதிய கிரேக்கச் சொல்தான் இப்படித் தேய்ந்திருக்கிறது.

இவற்றைக் கற்கத்தான் வேண்டுமா என்று எங்களுக்குள் வாதம் எழுந்தது. 1710இல் ஜோனதன் ஸ்விஃப்ட் என்னும் பேரறிஞர், 'மாப்' போன்ற குறுக்கல் சொற்கள் மொழியைக் கெடுக்கின்றன என்று சீறி எழுதினார். இன்று அந்த 'மாப்' நம் வரலாற்றுப் பாடத்திலேயே இருக்கிறது. ஆயினும் எந்தச் சொல் நிலைக்கும், எது அடுத்த ஆண்டே செத்துப்போகும் என்று நம்மால் கூற இயலாது. பழைய ஸ்லாங்கைப் புதிதென்று பேசினால் அவர்களே நகைப்பார்கள். எனவே காதுக்கு மட்டும் கற்போம், வாய்க்கு வேண்டா என்று முடிவு செய்தோம்.

வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வில் அக்கா நல்ல மதிப்பெண் பெற்றவர்தாம். இப்போது புரியாத சொல் வந்தால் நோயாளியிடமே பொருள் கேட்டு, சட்டைப்பையிலுள்ள சிறு நோட்டில் குறித்துக்கொள்கிறாராம். அதை ஒரு வாரம் எங்களிடம் தந்தார். நாங்கள் எடுத்த படி நூலகத்தில் அகராதிகளின் பக்கத்தில் இருக்கிறது. செவிலியர் பயிற்சிக்குச் செல்ல எண்ணும் பன்னிரண்டாம் வகுப்பு அக்காமார் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.