தையல் விட்ட மூட்டை

அன்புள்ள செழியனுக்கு,

அத்தை எழுதுகிறேன். தாத்தாவுக்குத் தையல் பிரித்தாயிற்று, திண்ணைவரை நடக்கிறார். "எலும்பும் தோலுமா இருக்கிற தாத்தாவுக்கே குடலிறக்கம்னா, 92 கிலோ இருக்கிற எனக்கு?" என்று ஃபோனில் கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஆப்பரேஷனுக்கு முன் டாக்டர் தாத்தாவை நிற்கவைத்து இருமச் சொன்னார். தொடையிடுக்கில் எலுமிச்சை அளவில் ஒன்று அவர் விரலில் வந்து முட்டியது. படுத்ததும் களக்கென்று உள்ளே போய்விட்டது.

கருவில் ஆண் குழந்தையின் விதைகள் வயிற்றுக்குள்தான் உருவாகின்றன. பிறகு தொடையிடுக்கு வழியாகக் கீழே இறங்குகின்றன. அந்த வழி ஆயுள் முழுக்கப் பலவீனமான இடம். ஆண்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு எப்போதாவது அங்கே குடலிறக்கம் வருகிறது. நெல் மூட்டையை நினைத்துக்கொள். நெல் குறைவாக இருந்தாலும் தையல் விட்ட இடத்தில் பிதுங்கத்தான் செய்யும். தாத்தாவின் தையலை நாற்பது வருடப் பீடி இருமல் இழுத்துக்கொண்டே இருந்தது.

ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நடுவயது ஆண்களை 34 ஆண்டுகள் கவனித்தார்கள். பருமனானவர்களுக்கு இந்தக் குடலிறக்கம் சரியான எடை உள்ளவர்களைவிட 43 சதவீதம் குறைவாகவே கண்டறியப்பட்டது! கொழுப்பு அந்த இடத்தை அணைத்துப் பிடிக்கிறதோ, சின்ன வீக்கம் கொழுப்புக்குள் கைக்குத் தட்டுப்படாமல் போகிறதோ, இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு.

இதைப் படித்துவிட்டு இன்னொரு பரோட்டா சொல்லிவிடாதே. தொப்புளிலும் பழைய ஆப்பரேஷன் தழும்பிலும் வரும் குடலிறக்கம் எடை கூடக் கூட அதிகமாகும். பருமனான உடம்பில் ஆப்பரேஷன் புண்ணும் எளிதில் சீழ் பிடிக்கும். எடையைக் குறை, ஆனால் குறைத்துவிட்டால் தொடையிடுக்கில் எதுவும் வராது என்று இருந்துவிடாதே. வந்த ஓட்டையை உடற்பயிற்சி அடைக்காது. மலச்சிக்கலில் முக்குவதையும் சிகரெட்டையும் விடு.

ஒன்றை மட்டும் மறக்காதே. வீக்கம் படுத்தாலும் உள்ளே போகாமல் கெட்டியாகி, வலியும் வாந்தியும் வந்தால், குடல் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

தாத்தா பீடிக்கட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார். அரிசிப் பானைக்குள் இருக்கிறது. அவர் ஃபோன் பண்ணிக் கேட்டால் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அத்தை