அடுப்படியில் ஒரு வேதியியல் பாடம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., வேதியியல்)

விருந்தோம்பலுக்கென்று தனி அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். ஆனால் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் விருந்தினர் வந்தால் என்ன சமைப்பது என்பதை அவர் நமக்கே விட்டுவிட்டார். சென்ற தை மாதம் எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி எழுந்தது. அதற்கு விடை தேடப் போய் நான் கற்ற பாடத்தையே இங்கு எழுதுகிறேன். சமையற் குறிப்பு என்று எண்ணி மாணவ நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது வேதியியற் கட்டுரைதான்.

விருந்தினர் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் எனக்கு எழுத்தறிவித்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் அவர். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், அப்பா தாம் வேலை பார்க்கும் தோல் பதனிடும் ஆலையிலேயே எனக்கும் இடம் கேட்டு வைத்திருந்தார். நான்கு முறை எங்கள் திண்ணையில் வந்து அமர்ந்து, அப்பாவிடம் பேசி, கல்லூரி விண்ணப்பத்தைத் தம் கையாலேயே நிரப்பிக் கொடுத்தவர் இந்த ஆசிரியர்தாம். ஆண்டுக்கொரு முறை எங்கள் வீட்டில் சாப்பிட வேண்டும் என்று அப்பா அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் ஆண்டு அவர் வந்தபோது கடன் சொல்லி அரைக் கிலோ ஆட்டுக்கறி வாங்கினோம். அவசரத்தில் முக்கால் மணி நேரத்தில் குழம்பை இறக்கிவிட்டோம். அவருக்கோ பற்கள் போய்ப் பல்செட்டு வைத்த புதிது. ஒரு துண்டை நெடுநேரம் வாயில் வைத்திருந்துவிட்டு, யாரும் பாராத வேளையில் இலையின் ஓரத்தில் ஒதுக்கினார். நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தார். 'ரொம்ப நல்லா இருக்கும்மா' என்று அவர் சொன்னது எங்கள் இருவருக்கும் இன்னும் வருத்தமாயிற்று.

இந்த ஆண்டு அந்தத் தவறு நேரக்கூடாது. ஆனால் இந்த முறை அம்மா குழாயடியில் வழுக்கி விழுந்து வலக்கையில் கட்டுப் போட்டிருந்தார். ஆகவே அவர் முக்காலியில் அமர்ந்து சொல்ல, நான் செய்வதென்று முடிவாயிற்று.

கடையில் அரைக் கிலோ கறி நானூறு ரூபாய்க்கு மேல். 'ஆட்டுக்கால் வாங்கி வா, நாலும் ஒரே ஆட்டுக் காலா கேளு' என்றார் அம்மா. நான்கு கால்களும் இருநூறு ரூபாய்க்குக் கிடைத்தன. கறிக்கடை பாய் அவற்றைத் தீயில் வாட்டி, குளம்பை நீக்கி, சுரண்டி, துண்டு போட்டுக் கொடுத்தார். வீட்டில் மஞ்சள் தேய்த்து மூன்று முறை கழுவினேன்.

ஆட்டுக்கால் ஏன் மலிவு? அதில் சதை இல்லை. இருப்பதெல்லாம் எலும்பும் தோலும் நரம்பும்தான். இங்கு நரம்பு என்று நாம் சொல்வது தசையை எலும்போடு கட்டும் தசைநாண். தோல், தசைநாண், குருத்தெலும்பு ஆகியவற்றின் முதன்மையான பொருள் கொல்லாஜன் என்னும் புரதம். மூன்று நீண்ட இழைகள் கயிறுபோல் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டிருப்பதே அதன் மூலக்கூறு. ஒவ்வோர் இழையிலும் மூன்றுக்கு ஒன்று கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலமாக இருப்பதால்தான் இவ்வளவு நெருக்கமாக முறுக்க முடிகிறது. இந்த மூவிழை அமைப்பை 1954-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டு, 1955-இல் மேலும் திருத்தமாக விளக்கியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். நம் பாடநூலில் வெளிநாட்டார் பெயர்களையே படித்துப் பழகிய எனக்கு இது பெருமையாக இருந்தது.

இந்தக் கயிற்றை வாயால் கடித்து அறுக்க இயலாது. ஆனால் நீரில் இட்டுச் சூடாக்கினால், ஏறத்தாழ 60 முதல் 65 டிகிரி சென்டிகிரேடில் அது சுருங்குகிறது. அதற்கு மேல் நேரம் செல்லச் செல்ல ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டு, இழைகள் தனித்தனியே பிரிந்து நீரில் கரைகின்றன. அப்படிக் கரைந்ததே ஜெலட்டின். 'நேரம் செல்லச் செல்ல' என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். சென்ற ஆண்டுக் கறி ரப்பர்போல் ஆனதன் காரணம் இதில்தான் இருக்கிறது. சூடேறியதும் தசைப் புரதங்கள் உறைந்து, நீரைப் பிழிந்து வெளியேற்றி இறுகிவிடுகின்றன. அது விரைவில் நடந்துவிடும். தசையைச் சுற்றியுள்ள கொல்லாஜன் கரைவதற்கோ வெகுநேரம் வேண்டும். நாங்கள் சட்டியை இறக்கியது இறுகி முடிந்த பின்னர், இளகத் தொடங்கும் முன்னர். இளம் ஆடாக இருந்திருந்தால் ஒருவேளை தப்பியிருப்போம். வயது ஏற ஏறக் கொல்லாஜன் இழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் பெருகுவதால் முற்றிய ஆடு எளிதில் வேகாது.

எரிவாயுவைச் சேமிக்க எண்ணிக் கொல்லையில் விறகடுப்பு மூட்டினோம். ஒன்பது மணிக்கு மண்சட்டியில் கால்களையும், தட்டிய இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம், மஞ்சள்தூள், பாதி உப்பு இவற்றையும் போட்டு, கால்கள் மூழ்கி நான்கு விரற்கடை மேலே நிற்கும்படி நீர் ஊற்றினேன். கொதி வந்ததும் அம்மா இரண்டு விறகுகளை வெளியே இழுக்கச் சொன்னார். ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழிகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. இப்படி வெந்தால் மாலைதான் சாப்பாடு என்று நினைத்து, அவர் திரும்பியபோது ஒரு விறகை உள்ளே தள்ளினேன். சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். 'கொதிக்கறது வேற, வேகறது வேறடா' என்றார்.

வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இதை நான் முதலாண்டிலேயே படித்துத் தேர்விலும் எழுதியிருக்கிறேன். திறந்த சட்டியில் நீர் 100 டிகிரியில் கொதிக்கத் தொடங்கிவிட்டால், எத்தனை விறகு வைத்தாலும் வெப்பநிலை அதற்கு மேல் ஏறாது. கூடுதல் வெப்பம் முழுவதும் நீரை ஆவியாக்கவே செலவாகும். 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். தளதளவென்று கொதிக்கும் சட்டியும் மெல்லக் குமிழியிடும் சட்டியும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. முன்னதில் விறகு வீணாகிறது, நீர் வற்றுகிறது, கொழுப்பு சிதறிக் கலந்து சாறும் கலங்குகிறது. தேர்வுத்தாளில் எழுதியது அடுப்படியில் என் நினைவுக்கு வரவில்லை. படிக்காத அம்மாவுக்கோ அது கையிலேயே இருந்தது.

பிரஷர் குக்கர் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அதைப் பழிப்பது என் நோக்கமன்று. அழுத்தம் கூடும்போது நீரின் கொதிநிலை 120 டிகிரி வரை உயர்கிறது. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் வினைவேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்ற பொது விதியின்படி, மூன்று மணி நேர வேலை முக்கால் மணியில் முடியலாம். எங்கள் வீட்டுக் குக்கர் மூன்று லிட்டர். நான்கு கால்கள் அதில் கொள்ளவில்லை, அவ்வளவே!

பத்தரை மணிக்கு ஒரு துண்டை எடுத்து அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. என் வயிறு கலங்கிற்று. அந்தக் கலக்கத்தில் இன்னொரு பிழையும் செய்தேன். தொட்டுக்கொள்ளக் கடைந்த பருப்பு வைக்க வேண்டியிருந்தது. அது வெறும் அலங்காரத்துக்கு அன்று. ஜெலட்டினில் டிரிப்டோபேன் என்னும் இன்றியமையாத அமினோ அமிலம் இல்லை. பருப்பு அந்தக் குறையை ஈடுசெய்யும். இவ்வளவு தெரிந்த நான், துவரம்பருப்பை ஆழ்துளைக் கிணற்று நீரில் போட்டுவிட்டேன்! ஒரு மணி நேரமாகியும் பருப்பு மணிமணியாக நின்றது. 'எந்தத் தண்ணி ஊத்தினே?' என்று கேட்டார் அம்மா. பாலாற்றங்கரை வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கு மிகுந்த பொருளுண்டு. கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல்சுவரில் இருக்கும் பெக்டினோடு பிணைந்து அதை இறுக்கிவிடுகின்றன. புளியை முன்னதாக ஊற்றினாலும் பருப்பு வேகாது. அமிலத்தில் செல்சுவர் எளிதில் கரைவதில்லை. சமையல் சோடா போட்டால் வெந்துவிடும், ஆனால் தயமின் என்னும் பி வைட்டமின் அழியும். குடிநீரில் வேறு பருப்பு வைத்தோம். ஓர் ஆழாக்குப் பருப்பு நட்டம்.

பன்னிரண்டு மணிக்கு மூடியைத் திறந்தபோது காட்சி மாறியிருந்தது. வெள்ளையாக இருந்த தசைநாண் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவ நின்றது. எலும்பிலிருந்து தோல் தானே வழுக்கி விலகிற்று. ஒரு சொட்டுச் சாற்றை விரல்களுக்கிடையே தேய்த்தேன். இரண்டும் ஒட்டிக்கொண்டன. மல்லி, மிளகு, சீரகம், சோம்பு வறுத்து அரைத்ததையும், தக்காளியையும், மீதி உப்பையும் சேர்த்து அரை மணி நேரம் வைத்தேன். தேங்காய் அரைத்தது கடைசியில்தான். அது சேர்ந்தபின் நெடுநேரம் கொதித்தால் குழம்பு திரிந்துவிடும்.

ஒரு மணிக்கு ஆசிரியர் வந்தார். இலை முன் அமர்ந்ததும் பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். 'இந்தச் சனியனோடு சாப்பிட முடியலை, தப்பா நினைக்காதீங்க' என்றார். அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முதல் கவளத்துக்குப் பின் அவர் எதுவும் பேசவில்லை. ஈறுகளாலேயே ஒவ்வோர் எலும்பையும் துடைத்ததுபோல் ஆக்கி இலையோரம் அடுக்கினார். இரண்டாம் முறை சோறு கேட்டார். முட்டிவலிக்கு இது நல்லது என்று அம்மா சொன்னபோது என் படிப்பைக் காட்ட வாயெடுத்தேன். ஜெலட்டின் குடலில் அமினோ அமிலங்களாகச் சிதைந்துதான் உட்கொள்ளப்படுகிறது. அது நேரே முட்டிக்குப் போவதில்லை. ஆனால் அவர் மூன்றாம் கரண்டிக் குழம்புக்குக் கையேந்திக்கொண்டிருந்தார். நான் பேசாமல் ஊற்றினேன்.

அப்பாவுக்கு அன்றும் ஆலையில் வேலை. தோலில் இருப்பதும் இதே கொல்லாஜன்தான். ஆட்டின் தோல் ஆலைக்குப் போகிறது, கால் எங்கள் சட்டிக்கு வருகிறது. அங்கே அது கரையாதிருக்க வேண்டும். அதற்காகவே முற்காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்தார்கள். பிற்காலத்தில் குரோமியம் உப்புகள் வந்தன. இவை இழைகளைக் குறுக்கே பிணைத்துவிடுகின்றன. குரோமியத்தால் சரியாகப் பதனிட்ட தோலைக் கொதிநீரில் இட்டாலும் சுருங்காது. ஒரு துண்டைக் கொதிநீரில் போட்டுச் சோதிப்பது அப்பா அன்றாடம் பார்க்கும் வேலை.

மறுநாள் விடியற்காலையில், தைக் குளிரில் மீதிக் குழம்பு சட்டியில் கட்டியாக உறைந்திருந்தது. வேலைக்குக் கிளம்பிய அப்பா அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

'பதம் போடாத தோலைக் கொதிக்க வெச்சா இப்படித்தான் ஆகும். அதுவும் இதுவும் ஒண்ணா?' என்று கேட்டார்.

'ஒண்ணுதாம்பா' என்றேன்.

ஒரு கரண்டி எடுத்து வாயில் இட்டு, அது உருகும்வரை நின்றார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.