ஏஐ ஏஜென்ட்டுக்கான மின்னஞ்சல் கருவி: கையேடு நல்லதா?

கேள்வி: ஏஐ ஏஜென்ட் மூலம் மின்னஞ்சல் அனுப்பும் கருவியின் கையேடு தரமானதா என எப்படி அறிவது?
– வாசகர், மதுரை

பதில்: கையேட்டில் விடுபட்டதை மனிதர் கேட்டு அறிவார், ஏஜென்ட் ஊகித்து நிரப்பிவிடும். எனவே விடுபடாமையே முதல் அளவுகோல். உதாரணமாக, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோவின் மெயில் ஏபிஐ-யில், இந்தியத் தரவு மையத்தில் உள்ள கணக்குக்கு டாட் காம் அல்ல, டாட் இன் முகவரியே பொருந்தும். அணுகல் டோக்கன் 1 மணி நேரமே செல்லும். இத்தகைய விவரங்கள் கையேட்டில் உள்ள எடுத்துக்காட்டுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அடுத்தது பிழை விளக்கம். 1982-இல் வெளியான எஸ்எம்டிபி என்ற மின்னஞ்சல் அனுப்பும் நெறிமுறையில் 4-இல் தொடங்கும் பதில் குறியீடு தற்காலிகத் தடை. 5-இல் தொடங்குவது நிரந்தர மறுப்பு. எப்போது மறுபடி முயல்வது, எப்போது நிறுத்துவது என்று சொல்லாவிட்டால், மறுக்கப்பட்ட முகவரிக்கே ஏஜென்ட் திரும்பத் திரும்ப அனுப்பி, அனுப்புநரின் நற்பெயரைக் கெடுக்கும்.

மூன்றாவது பாதுகாப்பு. வந்த கடிதத்தில் ஒளிந்திருக்கும் கட்டளைக்கு ஏஜென்ட் பணியாமல் தடுக்கும் வழியும், அனுப்புமுன் மனித ஒப்புதல் பெறும் முறையும் கையேட்டில் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு சோதனை: கையேட்டை மட்டும் ஏஜென்ட்டிடம் கொடுத்து, சோதனைக் கணக்கிலிருந்து தமிழ்த் தலைப்பும் இணைப்பும் கொண்ட கடிதம் ஒன்றை அனுப்பச் செய்யலாம். அது தடுமாறும் இடங்களில் பெரும்பாலும் கையேட்டின் குறை வெளிப்படும்.